அடுத்த வாய்தா எப்போது? உங்கள் வழக்கை நீங்களே போனில் பார்க்கும் வழி

வக்கீல் குமாஸ்தா வேலைக்கு வந்து 26 வருடம் ஆகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தாலுகா ஊர். இத்தனை வருடத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி "அடுத்த வாய்தா எப்போ தம்பி?" என்பதுதான். இப்போது அதற்கு என்னைத் தேடி வர வேண்டியதில்லை, உங்கள் போனே சொல்லும். ஆனால் அது சொல்வதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கவே எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு பெரியம்மா எங்கள் ஆபீசுக்கு வந்தார். நிலத்தில் கோர்ட்டு உத்தரவை நிறைவேற்ற அமீனா வந்து நிற்கிறார் என்று பதறிக்கொண்டு வந்திருந்தார். உரச்சாக்கில் தைத்த பையைத் திறந்து பேப்பர்களை மேஜையில் கொட்டினார். வரி ரசீது, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், யாருடைய கல்யாணப் பத்திரிகையோ ஒன்று, நடுவில் நாலாக மடித்த சம்மன். அதன் தலையில் ஓ.எஸ். நம்பர், அதாவது சிவில் வழக்கின் எண், இருந்தது. அதைப் போனில் அடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முழுக் கதையும் வந்துவிட்டது. "டிஃபெண்டன்ட் கால்டு ஆப்சென்ட். செட் எக்ஸ்பார்ட்டி." அதற்கடுத்த தேதியில் "சூட் டிக்ரீட்." பிரதிவாதியான இவர் வராததால், இவர் இல்லாமலேயே வழக்கு நடந்து எதிர்த்தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிட்டது என்று அர்த்தம். இதைத்தான் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்பார்கள்.

"வக்கீலய்யா தவறிட்டாருன்னு தெரியும் தம்பி. கோர்ட்டுலேருந்து யாராச்சும் வந்து கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்" என்றார்.

யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்கும் மனுவை 30 நாளுக்குள் போட வேண்டும். அவர் வந்தபோது அதற்கு மேல் 412 நாள் தாமதம். அந்த 412 நாளும் அந்தத் தகவல் எவர் வேண்டுமானாலும் பார்க்கும்படி இன்டர்நெட்டில் இருந்திருக்கிறது. அவர் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு, கையில் நல்ல போன். பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சி.என்.ஆர். நம்பர்

கீழ்க்கோர்ட்டில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு, அதுதான் சி.என்.ஆர். முதல் 2 எழுத்து மாநிலம், நமக்கு டிஎன். அடுத்த 2 எழுத்து மாவட்டம். பிறகு கோர்ட்டைக் குறிக்கும் 2 எண், வரிசை எண் 6, கடைசி 4 வருடம். நடுவில் கோடு, புள்ளி, இடைவெளி எதுவும் போடாமல் சேர்த்து அடிக்க வேண்டும். வரிசை எண் சிறியதாக இருந்தால் முன்னால் வரும் பூஜ்யங்களையும் விடக்கூடாது. பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஓ.எஸ். 45 என்று ஒரு வழக்கு பக்கத்து ஊர் முன்சீப் கோர்ட்டிலும் இருக்கும், சப் கோர்ட்டிலும் இருக்கும். ஆனால் ஒரு சி.என்.ஆர். நம்பர் இந்தியா முழுவதிலும் ஒரே ஒரு வழக்குக்குத்தான் இருக்கும். வக்கீலிடமோ குமாஸ்தாவிடமோ கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பெரியம்மா ரேஷன் கார்டு உறையின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். ஒன்று நினைவிருக்கட்டும்: மேல்முறையீடு போட்டால் அதற்கு வேறு நம்பர். தீர்ப்பை நிறைவேற்றப் போடும் இ.பி.க்கும் வேறு நம்பர். பழைய நம்பரையே பார்த்துக்கொண்டு "ஒன்றும் நடக்கலையே" என்று இருந்துவிடாதீர்கள்.

போனில் ப்ளே ஸ்டோருக்குப் போய் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற செயலியை இறக்குங்கள். இலவசம். பெயரில் ஒட்டிக்கொண்டு வரும் மற்றவை வேண்டாம், அரசின் தகவல் மையமான என்.ஐ.சி. வெளியிட்டதுதானா என்று பாருங்கள். 2007-ல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தில் வந்தது இது. திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. கோர்ட்டுக்கு அலையும் கடைசி ஆளுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பணத்துக்கு அர்த்தம்.

சி.என்.ஆர். கையில் இல்லையென்றால் வழக்கு எண்ணும் வருடமும் கொடுத்துத் தேடலாம். அதுவும் தெரியாவிட்டால் பெயரில் தேடலாம். பெயரில் தேடும்போது நம் தமிழ்ப் பெயர்கள் படுத்தும் பாடு பெரிது. லட்சுமி என்பதை ஒரு டைப்பிஸ்ட் எல்-ஏ-கே என்று தொடங்கியிருப்பார், இன்னொருவர் எல்-இ-டி-சி-எச் என்று தொடங்கியிருப்பார். சுப்பிரமணியனுக்கு நான் பார்த்தது மட்டும் ஏழு விதம். அதனால் முழுப்பெயரை அடிக்காதீர்கள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும், அந்த மூன்று நாலு எழுத்தோடு நிறுத்துங்கள். இனிஷியல் வேண்டாம். உங்கள் பெயரில் வரவில்லையென்றால் வழக்கில் எதிர்த்தரப்பில் இருப்பவர் பெயரில் தேடுங்கள். 'பெண்டிங்' (நடக்கும் வழக்கு) என்று போட்டுத் தேடி வராவிட்டால் 'டிஸ்போஸ்டு' (முடிந்த வழக்கு) என்றும் போட்டுப் பாருங்கள். பெரியம்மாவின் வழக்கு அங்கேதான் கிடந்தது. குடும்ப வழக்கு, போக்சோ வழக்கு போன்றவற்றில் பெயர், உத்தரவு எல்லாம் வெளியே தெரியாதபடி மறைத்திருப்பார்கள். அதற்கு வக்கீல் மூலம்தான் போக வேண்டும்.

அந்தப் பக்கத்தைப் படிப்பது

வழக்கைத் திறந்ததும் எல்லோரும் அடுத்த ஹியரிங் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே போங்கள். 'கேஸ் ஹிஸ்டரி' என்று ஒரு பட்டியல் இருக்கும். இதுவரை நடந்த ஒவ்வொரு வாய்தாவும் வரிசையாக இருக்கும். அந்தத் தேதியைத் தொட்டால் அன்று என்ன நடந்தது என்று ஓரிரு வரி வரும். 'பிசினஸ்' என்பார்கள். முன்பு அந்த வரியைத் தெரிந்துகொள்ள பெஞ்ச் கிளார்க் மேஜையைச் சுற்றி நாங்கள் பத்துப் பேர் டைரியோடு முண்டியடிப்போம். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டும். ஒருமுறை 14 என்று அவர் சொன்னது என் காதில் 24 என்று விழுந்தது. கட்சிக்காரர் 24 அன்று வந்தபோது வழக்கு டிஸ்மிஸ் ஆகிப் பத்து நாள் ஆகியிருந்தது. 30 நாளுக்குள் இருந்ததால் மனுப் போட்டு வழக்கைத் திரும்பக் கோப்புக்கு எடுக்க முடிந்தது. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் 14, 24 என்று காதில் விழுந்தால் திரும்பக் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

அந்த வரிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்கிறேன்.

"கால் ஆன்" என்று ஒரு தேதி போட்டிருந்தால் அன்றைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். "பி.ஓ. ஆன் லீவ்" என்றால் நீதிபதி விடுப்பு. இரண்டிலும் ஒன்றுமில்லை. "அவெயிட் சம்மன்ஸ்" என்றால் எதிர்த்தரப்புக்குப் போன சம்மன் திரும்பி வரக் காத்திருக்கிறார்கள்.

"பேட்டா டியூ" அல்லது "பேட்டா நாட் பெய்டு" என்று பார்த்தால் அன்றே வக்கீலுக்குப் போன் போடுங்கள். சம்மன் அனுப்பக் கட்ட வேண்டிய பணம் கட்டவில்லை என்று அர்த்தம். சின்னத் தொகைதான். அது கட்டாததற்காகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள்.

நீங்கள் பிரதிவாதியா? "டபிள்யூ.எஸ்." என்ற எழுத்துகளைத் தேடுங்கள். உங்கள் எதிர்வாதம் எழுத்தில் போக வேண்டும் என்பது அது. சம்மன் கிடைத்து 30 நாள், நீதிபதி காரணம் ஏற்றால் 90 நாள் என்று சட்டம் சொல்கிறது. "லாஸ்ட் சான்ஸ்", "நோ ஃபர்தர் டைம்", "ஆன் காஸ்ட்" போன்ற சொற்கள் பக்கத்தில் வந்துவிட்டால் நீதிபதி பொறுமையின் கரைக்கு வந்துவிட்டார். அடுத்த தேதியில் "செட் எக்ஸ்பார்ட்டி" வரக்கூடும்.

சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் "பி.டபிள்யூ. 1 சீஃப்", "கிராஸ்" என்று வரும். வாதி தரப்பு முதல் சாட்சியின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை. இங்கே நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது "கிராஸ் நில்" என்ற இரண்டு சொற்களை. எதிர்த்தரப்புச் சாட்சியை உங்கள் பக்கத்தில் யாரும் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்று பொருள். சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் ஒரு வாரத்தில் போட்டால் ஒரு மாதிரி, ஒரு வருடம் கழித்துப் போட்டால் வேறு மாதிரி.

"டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்" வந்தால் வழக்குப் போட்டவர் ஆஜராகாததால் தள்ளுபடி. அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதி, அதிலிருந்து 30 நாளை எண்ணி, காலண்டரில் வட்டம் போடுங்கள். எக்ஸ்பார்ட்டி டிக்ரிக்கும் அப்படியே.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு வக்கீலோடு சண்டைக்குப் போக வேண்டாம். "சார், போன வாய்தாவுல பேட்டா டியூன்னு போட்டிருக்கே, என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்த கட்சிக்காரரின் வழக்குக் கட்டு எப்போதும் மேலே இருக்கும். இதை ஒரு குமாஸ்தாவாக மனமறிந்து சொல்கிறேன்.

சேமித்து வைப்பது, எஸ்.எம்.எஸ். வருவது

வழக்கைத் திறந்த பக்கத்திலேயே அதைச் சேமிக்கும் பொத்தான் இருக்கும். 'மை கேசஸ்' பட்டியலில் சேர்ந்துவிடும். அங்கே இருப்பது உங்கள் போனில் பதிந்த நகல், தானாக மாறாது. ரெஃப்ரெஷ் கொடுத்தால்தான் புதுத் தேதி வரும். பழைய தேதியை நம்பிப் போய் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போன் மாற்றினால் பட்டியலும் போய்விடும். மாற்றுவதற்கு முன் எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக எடுத்து வையுங்கள், புதுப் போனில் இம்போர்ட் செய்யலாம்.

வழக்குத் தாக்கல் செய்யும்போது கொடுக்கும் மொபைல் எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். வரும் வசதியும் உண்டு. அங்கே ஒரு தப்பு நாங்களே செய்துகொண்டிருந்தோம். விவரத்தை நிரப்பும்போது கட்சிக்காரர் எண் கையில் இல்லையென்றால் ஆபீஸ் எண்ணையே போட்டுவிடுவோம். செய்தி எல்லாம் எங்களுக்கே வரும், அவருக்குப் போகாது. இப்போது நான் கட்சிக்காரர் எண் இல்லாமல் கட்டு கட்டுவதில்லை. உங்கள் வழக்கில் யார் எண் இருக்கிறது என்று கேளுங்கள். எண் மாறியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

சம்மன் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளவும் வழியிருக்கிறது. அண்ணன் தம்பி பாகப் பிரச்சினை முற்றி, எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போகும் என்று சந்தேகம் இருந்தால் கேவியட் போடுங்கள், 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று கோர்ட்டில் முன்கூட்டியே கொடுக்கும் மனு அது. போட்டால் 90 நாளுக்கு உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்க முடியாது. யாராவது உங்கள் மேல் கேவியட் போட்டிருக்கிறார்களா என்றும் அதே செயலியில் தேடலாம்.

திரையை எவ்வளவு நம்பலாம்

வாய்தா அன்று மதியமே பார்த்துவிட்டு "இன்னும் போடலையே" என்று தவிக்க வேண்டாம். கோர்ட்டு எழுந்த பிறகு உட்கார்ந்துதான் பதிவேற்றுவார்கள். மாலை ஆறு ஏழு மணிக்கு மேல் பாருங்கள், சில நாள் மறுநாள் காலைதான் வரும். திரையில் தேதி தப்பாக ஏறுவதும் உண்டு. கிரிமினல் வழக்கில் நீங்கள் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, இருந்தால் போனை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள், வாரண்ட் பிறந்துவிடும். முதல் நாள் மாலை செயலியில் காஸ் லிஸ்ட் (மறுநாள் எடுக்கப்போகும் வழக்குகளின் பட்டியல்) பாருங்கள், வக்கீலிடமும் கேளுங்கள், இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

இன்னொன்று. உத்தரவின் பி.டி.எஃப். அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். படித்துப் புரிந்துகொள்ள அது போதும். மேல்முறையீட்டுக்கு, பதிவு அலுவலகத்துக்கு, வங்கிக்கு அது ஆகாது. சான்றிட்ட நகல் வேண்டும். நகல் வாங்கியதும் அதில் ஓரத்தில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். நகல் மனுப் போட்ட தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி என்று வரிசையாக இருக்கும். மேல்முறையீட்டுக்கு மாவட்டக் கோர்ட்டு என்றால் 30 நாள், ஹைகோர்ட்டு என்றால் 90 நாள். நகல் வாங்க ஆன நாளை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம், அந்தக் கழித்தல் கணக்கு இந்தச் சின்ன முத்திரையை வைத்துத்தான். முத்திரைத்தாள் கேட்ட பிறகு நீங்கள் கட்டாமல் காலம் கடத்தினால் அந்த நாட்கள் உங்கள் கணக்கில் ஏறும். அதனால் நகல் மனுவைத் தீர்ப்பு வந்த அன்றே போடுங்கள்.

தாக்கலும் சாட்சியமும்

இன்டர்நெட் வழியாக வழக்குத் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் பெரும்பாலும் வக்கீல் ஆபீசில் நடக்கும், அதனால் நீளமாகச் சொல்லவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது நல்ல ஸ்கேன் கொடுப்பதுதான். பழைய பத்திரங்களை போனில் சாய்வாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், சர்வே எண்ணில் 3 எது 8 எது என்று தெரியாது, கட்டு ரிட்டன் ஆகும். அசலைக் கொண்டுபோய் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக வாங்குங்கள். பின்பக்க முத்திரை, சார்பதிவாளர் எழுத்து எதையும் விடாதீர்கள். வக்கீல் வைக்காமல் நீங்களே வழக்காடுவதாக இருந்தால் கோர்ட்டு வளாகத்தில் இ-சேவை மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தாக்கல் செய்யவும் வழக்கு நிலை பார்க்கவும் உதவ வேண்டியது அவர்கள் வேலை.

வாட்ஸ்அப் மெசேஜ், குரல் பதிவு, சிசிடிவி காட்சி இவற்றைச் சாட்சியமாக வைப்பதில் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்றை நீங்கள் தர வேண்டும், மற்றதை நிபுணர் தர வேண்டும். அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் அடையாள எண்ணையும், அதில் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், அதனால்தான் கேட்கிறார்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் இதே வேலைக்கு இருந்த 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் சொல்லிவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று என்று போனை விற்றுவிடாதீர்கள். மெசேஜ் வந்த போனை அப்படியே பத்திரமாக வைத்திருங்கள்.

வீடியோவில் சாட்சி சொல்வது

வீடியோ மூலம் சாட்சியம் பதியலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே பிரஃபுல் தேசாய் வழக்கில் சொன்னது. 2020-ல் கொரோனா வந்த பிறகுதான் எங்கள் ஊர் வரை வந்தது. போன வருடம் எங்கள் கட்சிக்காரரின் மகன் சிங்கப்பூரிலிருந்து சாட்சி சொன்னான். அதற்கு முதலில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருப்பது முறை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை பத்தரைக்கு இங்கே அழைத்தால் அங்கே மதியம் ஒரு மணி, அதற்கேற்ப அவன் லீவு போட்டிருந்தான்.

இணைந்ததும் திரையில் அவன் பெயருக்குப் பதில் போன் மாடல் பெயர் வந்தது. நீதிபதி "யார் இது?" என்று கேட்டுச் சரிசெய்யச் சொன்னார். அதனால் முதல் நாளே பெயரை வழக்கு எண்ணோடு மாற்றிவையுங்கள். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். காட்ட வேண்டிய ஆவணங்களின் நகல் முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கட்டும். அறையில் வேறு யாரும் கூடாது. கேள்வி முழுதாகக் கேட்டு முடிந்த பிறகு, ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லுங்கள். ஒலி தாமதமாக வருவதால் இரண்டு பேர் குரல் மோதினால் எழுதுபவருக்கு எதுவும் பதியாது. அனுமதியில்லாமல் ரெக்கார்ட் செய்யாதீர்கள், லிங்க்கை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கோர்ட்டு வீடியோவில் வருகிறது என்று மக்களுக்குத் தெரிந்ததும் திருடர்களுக்கும் தெரிந்துவிட்டது. 2024-ல் பஞ்சாபில் ஒரு பெரிய தொழிலதிபரை வீடியோ காலில் உட்காரவைத்து, போலியாக உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். படித்த, வயதில் மூத்த மனிதர். வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று எந்தச் சட்டத்திலும் ஒன்று கிடையாது. எந்த நீதிபதியும் வீடியோவில் வந்து பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார். வழக்கு இருக்கிறது என்று யாராவது மிரட்டினால் சி.என்.ஆர். நம்பர் கேளுங்கள். சொன்னால் செயலியில் நீங்களே அடித்துப் பாருங்கள், யார் பெயரில் எந்த வழக்கு என்று அங்கே தெரிந்துவிடும். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.